சாவியைப் பிடுங்காதீர்கள்

போன ஆடி மாசம், பெண்ணாடத்துக்குப் பக்கத்துல வெள்ளாற்றை ஒட்டின ஒரு வயல் வரப்பில் ஏழெட்டுப் பேர் நின்னுக்கிட்டிருந்தோம். சித்திரைக் கடைசியில் பூங்கார் விதைச்ச வயல் அது. எழுபது நாள் ஆயிடுச்சு. பூங்கார் மூணு மாசத்துக்குள்ள அறுவடைக்கு வர்ற நெல். இந்நேரம் கதிர் வந்து தலை சாஞ்சிருக்கணும். ஆனா பயிர் இலையும் தூருமா வளர்ந்துக்கிட்டே போகுது, ஒரு கதிரைக்கூடக் காணோம். பெரியவர் ஒருத்தர் தூரைப் பிடிச்சுப் பார்த்துட்டு, "இது பூங்கார் இல்லப்பா, மாப்பிள்ளைச் சம்பா" என்றார். மாப்பிள்ளைச் சம்பா அஞ்சு மாசத்துக்கும் மேல நிக்கிற நெல். பட்டம் தவறி, தண்ணி வீணாகி, அடுத்த வெள்ளாமையும் கெட்டுப் போச்சு.

விதை எடுத்துக் கொடுத்தது அந்த வீட்டு அம்மா. 47 வயசு. இருபது வருஷமா அந்த வீட்டு விதை நெல், உளுந்து, எள்ளு, மல்லாட்டை எல்லாம் அவங்க கையிலதான். கைப்பிடி விதையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே ரகம் சொல்லுவாங்க. சுற்று வட்டாரத்துல நாலஞ்சு பேர் பாரம்பரிய நெல்லுக்கு மாறினதே அவங்க கொடுத்த விதையில்தான். அப்படிப்பட்டவங்க, போன தை மாசம் ரெண்டு சாக்கையும் மாத்தி வச்சுட்டாங்க.

வரப்பிலேயே வீட்டுக்காரர் கத்தினார். மகன் சிரிச்சுக்கிட்டே, "அம்மாவுக்கு மறை கழண்டு ஆறு மாசமாச்சு" என்றான். நின்ன ஆம்பளைங்களும் சிரிச்சாங்க. அன்னைக்கு ராத்திரியே விதை அறைச் சாவி அவங்க இடுப்பிலிருந்து மருமகள் கைக்குப் போச்சு. சுய உதவிக் குழு கணக்கு நோட்டையும் மகன் எடுத்துக்கிட்டான். மறு மாசத்திலிருந்து அவங்க குழுக் கூட்டத்துக்கே வரலை.

நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். "யக்கா, அடுப்படிக்குள்ள போறேன், எதுக்கு வந்தேன்னு தெரியல. பேசிக்கிட்டிருக்கும்போதே வார்த்தை நின்னுடுது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பேரு நாக்குல வரல. எனக்குப் பைத்தியம் புடிக்குதாக்கா?" என்று கேட்டாங்க. மாதவிலக்கு எப்படி இருக்குன்னு கேட்டேன். "ஒழுங்கு தப்பி ஒரு வருஷமாச்சு. ராத்திரியானா உடம்பெல்லாம் தீயா எரியுது, வேர்த்து ஊத்துது" என்றாங்க.

எனக்கு உடனே விளங்கிடுச்சு. அந்தப் பாதையில் நான் ஏற்கெனவே நடந்து வந்திருக்கேன்.

என் சாவிக் கதை

நான் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, இப்போ மூணு ஏக்கரில் இயற்கை விவசாயம் செய்பவள். எனக்கு 49 வயசு நடக்கும்போது ஸ்ட்ராங் ரூம் சாவி ரெண்டில் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் ரயிலுக்காக விருத்தாசலம் சந்திப்பில் நிக்கிறேன். திடீர்னு, சாவியைக் கைப்பைக்குள்ள போட்டேனா, மேஜை இழுப்பறையில் விட்டேனான்னு சந்தேகம். பையைக் கொட்டிப் பார்த்தேன். இல்லை. ஆட்டோ பிடிச்சுக் கிளைக்கு ஓடினேன். காவலாளியை எழுப்பி, தலைமை எழுத்தரை வரவழைச்சு, மேஜையையெல்லாம் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினோம். கடைசியில் சாவி என் மதியச் சாப்பாட்டு டப்பாவுக்குள்ளேயே இருந்தது.

அது ஒரு நாள் கதை மட்டும் இல்லை. இருபது வருஷமா மனப்பாடமா இருந்த வாடிக்கையாளர் பேர் மறந்து போச்சு. கூட்டின தொகையையே மூணு தடவை கூட்டினேன். நகைக்கடன் கவுண்டரில் நின்னுக்கிட்டு அடுத்து என்ன செய்யணும்னு யோசிச்சேன். மேலாளர் நல்ல மனுஷர்தான். "உங்களுக்கு ஓய்வா இருக்கட்டும்" என்று சொல்லி என்னைப் பழைய பதிவேடுகள் இருந்த மூலைக்கு மாத்தினார். அவர் கருணையாகச் செய்தார். எனக்கோ உயிரோடு ஓரங்கட்டின மாதிரி இருந்தது. வயசான காலத்தில் என் பாட்டிக்கு எல்லாம் மறந்து போனது ஞாபகம் வந்து, எனக்கும் அதுதான் ஆரம்பிச்சிடுச்சுன்னு முடிவே கட்டிட்டேன். விருப்ப ஓய்வுக்கான விண்ணப்பத்தை எழுதி, கையெழுத்தும் போட்டு, நாலு மாசம் பையிலேயே வச்சிருந்தேன்.

அதைக் கொடுக்கவே இல்லை. ரெண்டு, ரெண்டரை வருஷத்தில் மூட்டம் தானாக விலகிச்சு. அதுக்கப்புறம் பதவி உயர்வோடு ஓய்வு வயது வரைக்கும் வேலை பார்த்தேன். அந்த நாலு மாசத்தில் ஒரு நாள் மனசு தளர்ந்து காகிதத்தை நீட்டியிருந்தா, என் வாழ்க்கையின் நல்ல பத்து வருஷம் போயிருக்கும். இந்தக் கட்டுரையை எழுத அதுதான் காரணம்.

நிலத்துக்கு மாறுகாலம், உடம்புக்கும்

தொடர்ந்து 12 மாசம் மாதவிலக்கு வராம இருந்தால் அது நின்றுவிட்டதாக மருத்துவம் கணக்கிடுது. மேலை நாடுகளில் அது சராசரியாக 51 வயதில் நடக்குது. இந்தியப் பெண்களுக்கு 46, 47-லேயே வந்துடுது. அதுக்கு முன்னால சில வருஷம் இழுத்தடிக்கிற காலம்தான் சிரமம். ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு கருப்பைக்கு மட்டும் வேலை செய்றதில்லை. மூளையிலும் அதுக்கு வேலை இருக்கு. மூளை சர்க்கரையை எரிபொருளாகப் பயன்படுத்துறதுக்கும், ஞாபகத்துக்குத் தேவையான அசிடைல்கோலின் என்ற நரம்புத் தூது பொருளுக்கும் அது துணை. இந்தக் காலத்தில் அந்தச் சுரப்பு சீராகக் குறையிறதில்லை, ஒரு நாள் ஏறி மறு நாள் இறங்குது. மும்முனை மின்சாரம் ஏறி இறங்கும்போது நம்ம மோட்டார் என்ன பாடு படும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இது எங்கே கொண்டுபோய் விடும்? இதைத்தான் எல்லாப் பெண்களும் பயந்து கேக்குறாங்க. அமெரிக்காவில் 1996-ல் தொடங்கி, நடுவயதுப் பெண்களைப் பல வருஷமாகப் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு நடக்குது. அதில் 2,362 பெண்களை 4 வருஷம் சோதிச்ச முடிவு 2009-ல் வந்தது. மாதவிலக்கு நிற்கப்போகும் காலத்தில் புதுசாக் கத்துக்கிற திறன் கொஞ்சம் பின்தங்குது. நின்ன பிறகு பழையபடி திரும்புது. பெரும்பாலோருக்கு இது கடந்து போகிற கட்டம்தான், முதுமை மறதி நோயின் தொடக்கம் இல்லை.

நம்ம மொழியில் சொல்றேன். ரசாயனத்திலிருந்து இயற்கைக்கு மாறும்போது, ஓராண்டுப் பயிருக்கு 2 வருஷம், பல்லாண்டுப் பயிருக்கு 3 வருஷம் மாறுகாலம் என்று அங்ககச் சான்று விதியே சொல்லுது. அந்தக் காலத்தில் விளைச்சல் இறங்கும், களை மண்டும், ஊர் சிரிக்கும். அதுக்காக நாம நிலத்தை வித்துடுறோமா? "மண்ணு திரும்பி வரும், பொறுங்க" என்று புதுசா வர்றவங்களுக்கு மேடை போட்டுச் சொல்ற நாமே, வீட்டுக்குள்ள மாறுகாலத்தில் நிக்கிற பொம்பளையைப் பார்த்து "மறை கழண்டுடுச்சு"ங்கிறோம்.

எல்லாத்தையும் இதன் தலையில் கட்டாதீங்க

இன்னொரு பக்கமும் இருக்கு. "இந்த வயசுல அப்படித்தான்" என்று சொல்லி வேற நோயைக் கவனிக்காம விட்டுடக் கூடாது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21-ன்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல! ரத்தத்தில் இரும்பு இல்லாட்டி மூளைக்குப் போற உயிர்க்காற்றும் குறையும். மாதவிலக்கு நிற்கும் முன் சிலருக்கு ரத்தப்போக்கு அதிகமாகி அந்தச் சோகை முத்திப் போகும். தைராய்டு சுரப்புக் குறைவு, சர்க்கரை, பி12 குறைவு, மனச்சோர்வு இதெல்லாமே மறதியாகத்தான் முகம் காட்டும்.

அதனால முதல் வேலை ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12, ரத்த அழுத்தம் பார்க்கிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க 2021-ல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் வீட்டுக்கே வர்றாங்க. மத்ததுக்கு அரசு மருத்துவமனைக்குப் போகணும். நான் சொன்ன அந்த அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனோம். குறைஞ்சது 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 8-தான் இருந்தது. தைராய்டு சரியாக இருந்தது. விதை மாறிப் போனதுக்கு வயசு பாதிக் காரணம்னா, ரத்தசோகை மீதிக் காரணம்.

மருந்தடிச்ச பழக்கமும் கணக்கில் வரணும். ஆர்கனோ பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகள் வேலை செய்யுறதே, முன்னால சொன்ன அசிடைல்கோலினை உடைக்கிற நொதியை முடக்கித்தான். பூச்சிக்கு நரம்பு கெடுற அதே வழியில் மனுஷனுக்கும் கெடும். வருஷக் கணக்கில் தெளிச்சவங்களிடம் ஞாபகக் குறைவு இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் பதிவு செஞ்சிருக்கு. நாம விட்டுட்டோம். ஆனா கூலிக்கு வர்ற பொம்பளைங்க நாளைக்கு மருந்தடிச்ச வயலில் களையெடுக்கத்தான் போவாங்க. டாக்டர்கிட்டே போகும்போது அதையும் மறக்காமச் சொல்லணும்.

பழகின தெருவில் வழி தவறுறது, நாப்பது வருஷமா வச்ச குழம்பை எப்படி வைக்கிறதுன்னே தெரியாமப் போறது, குணமே மாறிப் போறது இதெல்லாம் சாதாரண மந்தம் இல்லை. மாசா மாசம் கூடிக்கிட்டே போற மறதியும் அப்படித்தான். திடீர்னு வாய் குழறி ஒரு கை தளர்ந்தா அந்த நிமிஷமே மருத்துவமனைக்கு ஓடணும். மாதவிலக்கு நின்னு ஒரு வருஷத்துக்கு அப்புறம் மறுபடி ரத்தம் பட்டாலும் வெட்கப்படாம டாக்டரைப் பார்க்கணும்.

தூக்கம் யார் கொடுக்கணும்?

மறதிக்குப் பெரிய காரணங்களில் ஒன்று, ராத்திரி உடம்பு எரிஞ்சு வேர்த்து எழுப்பிவிடுறது. பகல்ல படிச்சதையும் கேட்டதையும் மூளை அடுக்கி வைக்கிறது தூக்கத்தில்தான். அந்தத் தூக்கம் நாலு தடவை உடைஞ்சா, மறுநாள் தலைக்குள்ள மார்கழி மாசத்து வெள்ளாற்றங்கரை மாதிரி மூட்டம் போட்டுடும்.

வழிகள் எளிமையானவை. மதியத்துக்கு மேல காப்பி, டீ வேண்டாம். ராத்திரிச் சாப்பாட்டை முன்னாடியே, காரம் குறைச்சு முடிக்கணும். நைலான் புடவை மாத்திப் பருத்தி கட்டணும். பக்கத்தில் மண்பானைத் தண்ணி, ஜன்னலோரப் படுக்கை இருக்கணும்.

ஆனா இதையெல்லாம் சொல்லிட்டு, விடியக்காலை நாலு மணிக்கு யார் எழுந்திரிச்சுப் பால் கறக்கிறாங்கன்னு கேக்காம விட்டா, என் பேச்சு வெறும் உபதேசம். நம்ம வீடுகளில் கடைசியாகப் படுத்து முதலில் எழுந்திரிக்கிறது யார்? "மாட்டுக்கு அவ கைதான் பழக்கம்" என்கிறோம். மாடு ஒரு வாரத்தில் வேற கைக்குப் பழகிடும். நான் சொன்ன வீட்டில் இப்போ வீட்டுக்காரர்தான் கறக்கிறார். முதல் மூணு நாள் மாடு உதைச்சது, அவ்வளவுதான். அந்த அம்மாவுக்குக் கூடுதலா ஒன்றரை மணி நேரத் தூக்கம் கிடைக்குது. இந்த வைத்தியத்துக்குக் காசு செலவில்லை, ஆம்பளை மனசு வச்சாப் போதும்.

வயலில் தண்ணீர் குடிக்கிறதும் இதே கதைதான். ஒதுங்க இடம் இல்லைங்கிறதால காலையிலிருந்து பொம்பளைங்க தண்ணியே குடிக்காம நடவு நடுறாங்க, களை பறிக்கிறாங்க. நீர் குறைஞ்ச மூளை சரியாக யோசிக்காது. சித்திரை, வைகாசி வெயிலும், உள்ளுக்குள் எரியிற சூடும், தண்ணி இல்லாததும் ஒண்ணு சேர்ந்தா மந்தம் வராம என்ன செய்யும்? பஞ்சகவ்யத்துக்கும் மண்புழு உரத்துக்கும் கொட்டகை போட்ட நாம, நம்ம வயலில் ஒரு கழிவறை கட்டியிருக்கோமா? என் வயலிலும் மூணு வருஷம் இல்லை. ஒத்துக்கிறேன். போன வருஷம்தான் கட்டினேன். அதுக்கப்புறம் வேலைக்கு வர்றவங்க கொண்டுவர்ற தண்ணிப் பாட்டில் காலியாகி, இன்னொரு தடவை ரொப்பிக்கிறாங்க.

தட்டில் என்ன இருக்கு?

கேழ்வரகு, எள்ளு, உளுந்து, முருங்கைக்கீரை, நெல்லிக்காய் எல்லாம் நம்ம கொல்லையிலேயே விளையுது. விளைய வச்சவ தட்டில் அது விழுதான்னு பாருங்க. நாட்டுக்கோழி முட்டை சந்தைக்குப் போகுது, மீன் குழம்பில் நடுத்துண்டு ஆம்பளைக்குப் போகுது. கடைசியாகச் சாப்பிடுறவளுக்குச் சோறும் குழம்புத் தண்ணியும்தான்.

பி12 சத்து முட்டை, மீன், பால், கறி மாதிரி விலங்கு வழி உணவில்தான் இருக்கு. பழைய சோத்திலிருந்தே அது போதுமான அளவு கிடைச்சுடும்னு நம்ம கூட்டங்களில் சிலர் பேசுறாங்க. பழைய சோறு குடலுக்கு நல்லது, நானும் தினம் குடிக்கிறேன். பி12-க்கு அதை நம்பக் கூடாது. முட்டையும் தொடாதவங்க டாக்டரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கிறதில் தப்பே இல்லை. சாப்பாட்டோட டீ குடிச்சா இரும்புச்சத்து உடம்பில் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கிட்டா நல்லாச் சேரும்.

உளுந்தங்களி, எள்ளுருண்டை இதெல்லாம் புரதமும் தாதுச்சத்தும் உள்ள நல்ல உணவு. பூங்கார் அரிசி பெண்களுக்கு நல்லதுன்னு தலைமுறையாகச் சொல்றாங்க, நானும் விதைக்கிறேன். ஆனா ஒரு அரிசியோ ஒரு களியோ மறதியைத் தீர்க்கும்னு விளம்பரம் போட்டு விக்கிறது நியாயமில்லை. நல்ல பண்டத்துக்குப் பொய் விளம்பரம் வேண்டாம்.

சூரணத்துக்கும் சான்று கேளுங்க

ஒரு இயற்கைச் சந்தையில் "மாதவிடாய் மறதிக்கு" என்று டப்பாவில் ஒரு சூரணம் வித்தாங்க. விலை ஆயிரத்துக்கு மேல. உள்ளே என்னன்னு கேட்டேன். "குரு ரகசியம்" என்றார் விற்றவர். நம்ம சந்தையில் ஒரு கிலோ அரிசிக்கு, எந்த வயல், எந்த உரம்னு கேட்டுத்தான் வாங்குறோம். வாய்க்குள்ள போற மருந்துக்கு மட்டும் ரகசியமா?

2008-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதிச்சதில் ஐந்தில் ஒரு பங்கில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. ஈயம் மூளையைக் கெடுக்கிற நஞ்சு. மறதிக்கு மருந்துன்னு ஈயத்தைத் தின்ன வேண்டாம்.

வல்லாரையைத் துவையலா, கீரையா வாரத்துக்கு ரெண்டு தடவை சாப்பிடுறது நம்ம பழக்கம், நல்ல பழக்கம். நீர்ப்பிரமிச் சாற்றை 12 வாரம் கொடுத்துப் பார்த்த சில சிறிய ஆய்வுகளில் ஞாபகம் ஓரளவு தேறியிருக்கு. சிலருக்கு வயித்தைப் புரட்டும். அமுக்கரா சிலருக்கு ஈரலைப் பாதிச்ச பதிவுகள் உண்டு, தைராய்டு மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு அளவு மாறிப் போகலாம். இயற்கையில் விளைஞ்சது எல்லாம் தீங்கில்லாததுன்னா, எருக்கம்பாலும் அரளி விதையும் இயற்கைதானே? எதை எடுத்தாலும் படிச்ச சித்த மருத்துவரிடமோ டாக்டரிடமோ கேட்டு எடுக்கணும்.

ஹார்மோன் மாத்திரை என்றாலே நம்மில் சிலர் முகம் சுளிக்கிறாங்க. உடல் எரிச்சலும் வேர்வையும் தாங்க முடியாத அளவுக்கு இருக்கிறவங்களுக்கு அது நல்லாவே வேலை செய்யும். மறதிக்காக மட்டும் அதை எடுக்கச் சொல்றதில்லை. யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாதுன்னு டாக்டர்தான் சொல்லணும். அதை எடுத்துக்கிற பெண் இயற்கைக்குத் துரோகம் செஞ்சுடலை. தயவுசெஞ்சு அவளைக் குத்தம் சொல்லாதீங்க.

கரும்பு வெட்டுறவங்க கதை

நம்ம பெண்ணாடம் கரும்பு வட்டாரம். அதனால மகாராஷ்டிரத்துக் கரும்புத் தோட்டங்களில் நடந்ததை நாம தெரிஞ்சு வச்சிருக்கணும். பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டப் போற பெண்களில் ஏராளமானவங்க கருப்பையை எடுத்திருக்காங்கன்னு 2019-ல் செய்தி வெளியானது. அரசு போட்ட குழு விசாரிச்சது. சுமார் 82,000 பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டவங்க கருப்பை நீக்கியிருந்தாங்க. அதில் பலர் இளம் வயசு. ஒரு நாள் வெட்டு நின்னா கூலியும் போய் அபராதமும் விழும், அதனால மாதவிலக்கே தொல்லைன்னு எடுத்துட்டாங்க.

கருப்பையோட சினைப்பையையும் எடுத்துட்டா, வருஷக் கணக்கில் நடக்க வேண்டிய மாறுகாலம் ஒரே ராத்திரியில் வந்து இறங்கும். இயல்பாக நிற்கும் வயசுக்கு முன்னால சினைப்பை எடுத்தவங்களுக்குப் பிற்காலத்தில் நினைவாற்றல் குறையும் ஆபத்து கூடுதல்னு மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2007-ல் காட்டியிருக்காங்க. புற்றுநோய், நிற்காத ரத்தப்போக்கு மாதிரி காரணம் இருந்தா எடுத்துத்தான் ஆகணும். "பிள்ளை பெத்தாச்சு, எடுத்துட்டா நிம்மதி" என்று யாராவது சொன்னா, இன்னொரு டாக்டரிடமும் கேளுங்க. சினைப்பையை விட்டு வைக்க முடியுமான்னு கேளுங்க.

வங்கி சொல்லித் தந்தது

முப்பத்தஞ்சு வருஷம் வங்கியில் நான் கத்துக்கிட்டது ஒண்ணு உண்டு. வங்கி எந்த மனுஷனோட ஞாபகத்தையும் நம்பாது. எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் வவுச்சர் எழுதணும், இன்னொருத்தர் சரிபார்க்கணும், சாயங்காலம் கணக்கு முடிக்கணும். ஸ்ட்ராங் ரூமுக்கு ரெண்டு சாவி, ரெண்டு பேர் கையில் இருக்கும். அதை யாரும் அவமானமா நினைக்கிறதில்லை.

என் சாவி காணாமப் போன காலத்தில் இந்த முறையைத்தான் எனக்கு நானே வச்சுக்கிட்டேன். சாவிக்கு ஒரே ஆணி. பொருளுக்கு ஒரே இடம். இடுப்பில் ஒரு சின்ன நோட்டு. ஒரு வேலையை முடிக்காம அடுத்ததைத் தொடுறதில்லை. மறந்துட்டா, "மறந்துட்டேன், மறுபடி சொல்லுங்க" என்று கூச்சப்படாமக் கேக்குறது. இதெல்லாம் வயலுக்கும் பொருந்தும். விதைச் சாக்குக்கு உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. ரகம், வயல், அறுத்த தேதி, காய வச்ச நாள். எழுதினவர் ஒருத்தர், படிச்சுப் பார்த்தவர் இன்னொருத்தர். இந்தப் பழக்கம் அந்த வீட்டில் இருந்திருந்தா சாக்கு மாறியிருக்காது. இருபது வருஷம் எல்லாரும் ஒரு பொம்பளையோட ஞாபகத்தின் மேலயே உக்காந்திருந்தோம். அது ஒரு நாள் தடுமாறினதும் எழுந்து நின்னு சிரிக்கிறோம்.

நம்ம இயக்கத்தில் விதை விதைன்னு பேசாத கூட்டம் இல்லை. அந்த விதையைக் காப்பாத்துறது பெரும்பாலும் 45-லிருந்து 60 வயசு வரைக்கும் உள்ள பெண்கள். அவங்க கையிலிருந்து சாவியைப் பிடுங்கினா, அவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ரகமும் பக்குவமும் அவங்களோடவே போயிடும். அதனால மாசக் கூட்டத்தில் மண் பரிசோதனைக்கு ஒதுக்குற நேரத்தில் பாதியாவது நம்ம பெண்களோட ரத்தப் பரிசோதனைக்கு ஒதுக்குங்க. இந்தப் பேச்சைப் பெண்கள் அமர்வுன்னு தனியாத் தள்ளாம ஆம்பளைங்களையும் உக்கார வச்சுப் பேசுங்க. வயலில் கழிவறை இருக்கான்னு ஒருத்தரை ஒருத்தர் கேளுங்க. "மறை கழண்டுடுச்சு"ங்கிற சிரிப்பை இன்னையோட நிறுத்துங்க.

இரட்டைச் சாவி

அந்த அம்மா இரும்பு மாத்திரை சாப்பிடுறாங்க, தினம் ஒரு முட்டை சாப்பிடுறாங்க. தூக்கம் பரவாயில்லை. ஐப்பசி வாக்கில் பேச்சு பழையபடி ஓட ஆரம்பிச்சது. எரிச்சல் இன்னும் வருது, சில நாள் வார்த்தை இன்னும் நிக்குது. மாறுகாலம் முடியல.

கார்த்திகையில் நான் அந்த வீட்டுக்குப் போய், வங்கி வழக்கத்தைச் சொன்னேன். "சாவியை வாங்காதீங்க. இன்னொரு சாவி போடுங்க" என்றேன். வீட்டுக்காரர் யோசிச்சார். மருமகள்தான், "மாமா, எனக்கு ரகமே தெரியாது, அத்தை இல்லாம அந்த ரூம்ல நான் என்ன செய்வேன்?" என்றாள். பெண்ணாடம் கடைத்தெருவில் இன்னொரு பூட்டு வாங்கி வந்து மாட்டினாங்க. ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் விதை அறை திறக்கும். அத்தை ரகம் சொல்ல, மருமகள் சீட்டு எழுதுறாள்.

குழுக் கணக்கு நோட்டு மட்டும் இன்னும் மகன்கிட்டதான் இருக்கு. அவனும் இந்த இதழைப் படிக்கிறவன். தம்பி, தை பொறக்கிறதுக்குள்ள அதை உங்க அம்மா கையில் கொடுத்துடு.